கிளி வாங்குவதற்கு முன்...
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு வாங்கும் பிள்ளையிடம் "என்னய்யா வேணும்?" என்று கேட்டால், "கிளி வேணும்ப்பா" என்று சொல்லக்கூடும். அந்த ஆசையில் தவறில்லை. மீனாட்சியம்மன் கையிலும் ஆண்டாள் கையிலும் கிளியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியில் கிளி ஜோசியம் நடந்தால் நின்று பார்க்காமல் போவோமா? ஆனால் வாங்குமுன் நான்கு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, ஆயுள். கழுத்தில் வளையமுள்ள பச்சைக்கிளி நன்றாகப் பேணினால் 20, 30 ஆண்டுகள்கூட வாழும். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வாங்கிய கிளி, அவன் தகப்பனான பிறகும் இருக்கும். அதுவரை யார் பார்ப்பது?

இரண்டாவது, அது எங்கிருந்து வருகிறது? நம் செம்பனைப் பழம் தின்ன வரும் நீள்வால் கிளி, மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கிறது. குறைந்துவரும் இனம் அது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடைக் கிளிக்கும் பத்திரம் கேளுங்கள். சந்தேகமென்றால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சிறுவயதில் நானும் பொந்திலிருந்து ஒரு குஞ்சை எடுத்தேன். காப்பியில் ரொட்டியை நனைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் செத்துப்போச்சு. தாய்க்கிளி மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது இன்னும் என் காதில் கேட்கிறது.

மூன்றாவது, பராமரிப்பு. சூரியகாந்தி விதை மட்டும் போதாது. பழம், கீரை, கேரட், சோளமும் வேண்டும். காப்பி, சாக்லேட், அவகாடோ ஆகாது. ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால், அந்த ஆவியே கிளியைக் கொன்றுவிடும். கூண்டில் இறக்கையை முழுதாக விரிக்க இடம் வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசியால் நமக்கும் காய்ச்சல் வரலாம். கூண்டைக் கழுவியதும் கையைக் கழுவுங்கள்.

நான்காவது, பேச்சு. எல்லாக் கிளியும் பேசாது. ஆனால் எல்லாம் கத்தும்! லயத்தில் அடுத்த வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டும். தனியே விட்டால் ஏங்கித் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

பெற்றோர்களே, ஒரு மாதம் பிள்ளை தினமும் பூச்செடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றட்டும். அதன் பிறகு கிளியைப் பற்றிப் பேசலாம். மாணவர்களே, வாங்க முடியாவிட்டாலும் வருந்தாதீர்கள். காலையில் செம்பனை மரத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே பறப்பதும் நம் கிளிதான்.