புகை யார் கணக்கில்?



நினைவுச் சொற்பொழிவில், அதுவும் இலக்கிய மேடையில், காற்று மாசுக் கணக்கா என்று சிலர் கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கையும் நிலப் பதிவேட்டையும் படிக்கக் கற்றுக்கொண்டுதான் நாம் கேள்வி கேட்கத் தொடங்கினோம். புகைக் கணக்கையும் படித்துவிடுவோம்.

ஒரு நாடு ஓராண்டில் வயலிலிருந்தும் குப்பையிலிருந்தும் எவ்வளவு மாசைக் காற்றில் விட்டது என்பதை யாரும் நேரில் அளப்பதில்லை. பெருக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை மாடு, எவ்வளவு யூரியா, எத்தனை டன் வைக்கோல் எரிந்தது என்பது ஒரு எண். மாடு ஒன்றுக்கு, டன் ஒன்றுக்கு இவ்வளவு வாயு, இவ்வளவு நுண்துகள் என்பது இன்னொரு எண். மாட்டுக்குக் கால்நடைக் கணக்கெடுப்பு இருக்கிறது, யூரியாவுக்கு விற்பனைக் கணக்கு இருக்கிறது. சாணம், யூரியா இரண்டிலிருந்தும் கிளம்பும் அமோனியா காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி நுரையீரலுக்குள் போகிறது. இதுவரை பெரிய தகராறு இல்லை.

தகராறு குப்பையில் வருகிறது. வெட்டவெளியில் எரியும் குப்பைக்கு ரசீது ஏது? ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2006இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு வாய்பாடு தருகிறது. மக்கள்தொகை, அதில் யாருடைய குப்பை எரிகிறதோ அவர்களின் பங்கு, ஒருவர் ஒரு நாளில் போடும் குப்பை, அதில் எரிந்து தீரும் பங்கு, 365 நாள். எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். சொந்தத் தரவு இல்லையென்றால் எரிந்து தீரும் பங்கை 0.6 என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பமாக்கும் வாயுக்களுக்காக எழுதப்பட்டது இது. நுண்துகளைக் கணக்கிடுவோரும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறார்கள்.

அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். குப்பை அள்ளப்படாத மக்களையும், அள்ளிய குப்பை எரியும் கிடங்குக்குப் போகிற மக்களையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது வழிகாட்டி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் குப்பை வண்டி வராத தெரு எது என்று நமக்குத் தெரியும். ஊருக்குள் சுற்றும் வண்டி காலனி முனையில் திரும்பிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். வண்டி வராதது நிர்வாகம் செய்யாத வேலை. வாய்பாட்டைத் தாண்டி அறிக்கைக்கும் செய்திக்கும் வரும்போது அது ‘குப்பையை எரிக்கும் மக்கள்’ என்று நம்முடைய பழக்கமாகிவிடுகிறது.

கிடங்கின் கதை இதைவிட மோசம். தேசியக் கூட்டுத்தொகையை வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது, புகை எழுந்த கட்டத்தில்தான் எழுத முடியும். 2016 ஜனவரியில் மும்பை தேவனார் கிடங்கு எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம், பத்து நாளுக்கும் மேல். வடசென்னைக்குக் கொடுங்கையூர் இருக்கிறது. தின்று எறிந்த தெருவின் கட்டம் வரைபடத்தில் சுத்தமாக இருக்கும். அந்தக் குப்பையைச் சுமந்தவர்களும் பொறுக்கிப் பிழைப்பவர்களும் வாழ்கிற கட்டம் கறுப்பாக இருக்கும்.

திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சொன்னது, பெருமளவு எரித்தால் 25,000. கூட்டிக் குவித்த சருகை ஏற்ற வண்டி தராமல் “கொளுத்திவிட்டுப் போ” என்று மேஸ்திரி சொன்னால், தீக்குச்சி யார் கையில் இருக்கும்? தூய்மைப் பணியாளர் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை.

வயலுக்குப் போவோம். பஞ்சாபில் நெல் தாள் எரிப்பதைப் பற்றி ஆண்டுதோறும் டெல்லிவாசிக்கும் விவசாயிக்கும் சண்டை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் குறைந்தன. கம்பைன் இயந்திரம் அடித்தாளை நிற்கவிட்டுப் போகிறது, அதைத் தீ வைத்துத் தீர்க்கிறார்கள். விவசாயியின் நெருக்கடி உண்மையானது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் 31.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நிலத்தில் அவர்களுக்குள்ள பங்கு மிகச் சிறியது. கையால் அறுத்த காலத்துக் கூலியைக் கம்பைன் எடுத்துக்கொண்டது. புகையை முதலில் சுவாசிப்பவர்களில் நிலமில்லாத அந்தக் கூலியாளும் ஒருவர். டன் கணக்கில் அவருக்கு இடமில்லை, டெல்லிச் சண்டையிலும் இல்லை.

கணக்குப் போடுகிறவர்கள் சதி செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தெருவிலிருந்து தரவு வராததால் 0.6 போடுகிறார்கள். அந்தத் தரவு நம்மிடம் இருக்கிறது. குப்பை எங்கிருந்து வந்தது, யார் கொளுத்தச் சொன்னார், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்ற மூன்று பத்திகளை டன்னுக்குப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். அதற்கு முன் நம் தெருவிலிருந்து தொடங்கலாம். வண்டி எந்தெந்தக் கிழமை வந்தது, எந்த இடத்தில் எரிந்தது, எரிந்தது சருகா பிளாஸ்டிக்கா என்று ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.