புதுக் காரின் மெருகும் கடற்காற்றும்

வேலணைத் தீவிலே, புளியங்கூடல் என்னும் ஊரிலே, கிணற்றுக் கப்பியையும் யன்னற் கம்பியையும் கடற்காற்று என்ன பாடு படுத்துகின்றது என்பதை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய ஊருக்குப் புதுக் கார் ஒன்று வந்து சேருமாயின், அதன் வர்ணப் பூச்சிலே காணப்படும் குறைகளை எவ்வாறு கையாளுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது செல்வந்தர்க்கு மட்டும் உரிய கவலை என்று எண்ணிவிடலாகாது. இலங்கையில் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025-ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரியும் விலையும் ஏறிய நிலையில், கடல் கடந்து வாழும் பிள்ளை அனுப்பிய பணமும் வங்கிக் கடனும் சேர்ந்தே பல வீடுகளுக்கு ஒரு கார் வருகின்றது. அதன் கதவிலே ஒரு கீறலைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. உடனே பழைய பழக்கத்தின்படி அரத்தாளையும் பொலிஷையும் தேடுகின்றோம். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

யாழ்ப்பாணத்தார் கைவண்ணத்திலே நெடுங்காலம் உயிர் வாழ்ந்தவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பிரித்தானியக் கார்கள். 1990-களின் எரிபொருள் தடைக்காலத்தில் அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. அவற்றின் மேற்பூச்சு ஒரே வர்ணமாய்த் தடித்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பூசப்பட்டும் இருக்கும். மங்கினால் சற்றே தேய்த்தால் போதும், உள்ளேயிருந்து புது நிறம் வெளிப்படும். இன்றைய காரின் பூச்சு அப்படிப்பட்டதன்று. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் சமன்செய்யும் பூச்சு, அதன்மேல் மெல்லிய நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு படலம். இவை அனைத்தும் சேர்ந்தும் நாம் எழுதும் காகிதத் தாளின் கனமே தேறும். அந்த மேற்படலமோ ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ நாற்பது கூறு. வெயிலையும் உப்பையும் முதலில் எதிர்கொள்வது அதுவே. தேய்த்தெடுத்த படலம் மீண்டும் வளராது.

ஆகவே, குறை யாதென்று முதலில் அறிதல் வேண்டும். கதவின் மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலச் சிறு மேடுபள்ளமாய்த் தோன்றினால், தெளிக்கப்பட்ட துளிகள் நன்கு பரந்து சமப்படுவதற்கு முன் இறுகிவிட்டன என்பது பொருள். நிமிர்ந்து நிற்கும் பக்கங்களில் கனமாகப் பூசினால் பூச்சு வடிந்துவிடும். ஆதலால் கதவுகளில் இது சற்று மிகுதியாகவே காணப்படும். தொழிற்சாலையிற் படிந்த தூசித் துணிக்கை ஒன்று கடுகின் நுனிபோல் நிற்பதும் உண்டு. இவை கண்ணுக்குக் குறை, உலோகத்துக்குக் கேடல்ல. என் கருத்தில், இவற்றை விட்டுவிடுவதே புத்தி. கீறலாயின் அதனை நீரால் நனைத்துப் பாருங்கள். மறைந்தால் அது மேற்படலத்தோடு நின்றுவிட்டது. நனைத்தும் தெரிந்து, நகமும் அதில் இடறுமாயின், அதுவே கவலைக்குரியது.

காரைப் பொறுப்பேற்கும் நாளில் இத்தனையும் பார்க்கவேண்டும். மழை நனைத்த காரையும் மாலை விளக்கின்கீழ் நிறுத்திய காரையும் பார்த்துக் கையொப்பமிட வேண்டாம். கழுவித் துடைத்த காரைக் காலைச் சாய்வெயிலிலே சுற்றி வாருங்கள். கண்ட குறையை விற்பவரிடம் எழுத்திலே பெறுங்கள். "ஒரு பொலிஷ் போட்டால் போய்விடும்" என்று அவர் சொன்னால் அவசரப்பட்டு இசைய வேண்டாம். பொறியாற் தேய்த்த மெருகு அன்று பளபளக்கும். அடுத்த வெயிலில் சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்களைக் காட்டும். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி கிடைத்தால் நன்று. இரும்புத் தகட்டின்மேல் ஓரிடத்தில் மட்டும் அளவு இரு மடங்காயின், அங்கே மறுபூச்சு நடந்திருக்கலாமென்று ஐயுறலாம்.

வீடு வந்த பின்னர் வரும் குறைகளே தீவகத்தில் மிகுதி. சோழகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வரும் காரின்மேல் உப்பு நீர்த்துளியும் வழித்தூசியும் சேர்ந்து படிகின்றன. அதனை உலர்ந்த துணியால் துடைப்பது, மணலால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நீரூற்றித் தூசியைக் கழுவிவிட வேண்டும். ஆனால் எந்த நீர்? குடிக்கவே நல்ல தண்ணீர் தேடும் ஊர்களிலே காருக்கு நல்ல தண்ணீர் கேட்பது சிலருக்கு நகைப்பாயிருக்கும். உவர்க் கிணற்று நீரால் கழுவி வெயிலில் உலரவிட்டால், உப்பும் சுண்ணாம்பும் வெள்ளை வளையங்களாய்ப் படிந்து, நாளடைவில் படலத்தையே அரித்துவிடும். மாரியில் கூரைநீரைச் சேமித்து வைப்போர் கடைசியாக ஒரு வாளி அந்நீரை ஊற்றி, நிழலிலே மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தால் போதும். வளையம் விழுந்துவிட்டதாயின், நீர் கலந்த வினாகிரியை ஒற்றி, உடனே நல்ல நீரால் கழுவலாம். பித்தளைக் குடம் துலக்கும் புளியை மட்டும் கொண்டு வந்துவிட வேண்டாம். அதிலுள்ள நாரும் மண்ணும் புதுக் கீறல்களை வரவழைக்கும். காக்கை எச்சத்தையும் நனைத்து, ஊறவைத்து, அன்றன்றே அகற்றுதல் வேண்டும்.

இனி, கல் தெறித்து உலோகம் வெளிப்பட்ட இடம். இதனைத் தள்ளிப்போடலாகாது. பிற இடத்தில் மாதக்கணக்கில் பொறுக்கும் புள்ளி, உப்புக் காற்றில் விரைவிற் துருவேறி, பூச்சின் கீழே பரவும். காரின் வர்ண இலக்கம் பெரும்பாலும் கதவுத் தூணிலோ இயந்திர அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். அவ்விலக்கத்தைச் சொல்லி அதே வர்ணத்தில் சிறு குப்பி வாங்கலாம். புள்ளியை நல்ல நீரால் கழுவி, முற்றாக உலரவிட்டு, நுண்ணிய தூரிகையின் நுனியால் மெல்லத் தொட்டு வையுங்கள். அது காய்ந்தபின் இன்னொரு முறை. நிறம் பள்ளத்தை நிரப்பிய பின்னர், மேலே நிறமற்ற பூச்சு ஒரு துளி. காற்று எழுமுன், விடிகாலை நிழலில் இதனைச் செய்தால் தூசி ஒட்டாது.