சூதாட்டக்கூடம் உள்ள இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

(கோயில் மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மேடையில் பேச அழைத்தால் பெரிய புராணம் பற்றியோ திருமுறை பற்றியோ பேசச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பொருள் சூதாட்டக்கூடம்! காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். ஜூன் பள்ளி விடுமுறையில் கோயில் சார்பில் குடும்பச் சுற்றுலா போவது நம் வழக்கம். இந்த முறை கெந்திங் மலைக்கு இரண்டு நாள் போகலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். "கோயில் பெயரை எழுதி ஒட்டிய பேருந்து அங்கேயா போவது?" என்று சிலர் கொதித்தார்கள். செயற்குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதம் நடந்தது. முடிவில், "வாத்தியாரே, நீங்களே பேசிவிடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். கெந்திங் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் குளிரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிசயம். லிம் கோ டோங் என்ற தொழிலதிபர் 1965இல் நிறுவனம் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை போட்டு எழுப்பிய இடம் அது. 1969இல் துங்கு அப்துல் ரகுமான் அடிக்கல் நாட்டினார். 1971இல் முதல் ஓட்டல் திறக்கப்பட்டது. கம்பிவடத்தில் தொங்கிப்போகும் வண்டியும், விளையாட்டுப் பூங்காக்களும் பிறகு வந்தவை. வழியில் சின் சுவீ என்ற சீனக் கோயில் ஒன்று மலைச்சரிவில் நிற்கிறது. அழகான கோயில், நானே இரண்டு முறை போயிருக்கிறேன். ஆகவே அங்கே போகிற ஒவ்வொருவரும் சூதாடத்தான் போகிறார் என்று சொல்வது அபாண்டம்.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத்தளங்கள் வரப்போகின்றன என்று அரசாங்கம் அறிவித்தபோது எத்தனை கவலை, எத்தனை விவாதம்! பல சமய அமைப்புகள் மறுப்புத் தெரிவித்தன. 2010இல் செந்தோசாவில் ஒன்றும் மரினா பேயில் ஒன்றும் திறந்தன. இன்று நம் பிள்ளைகள் பள்ளியோடு சேர்ந்தே செந்தோசாவுக்குப் போய் வருகிறார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்த்துவிட்டு வந்த பிள்ளையைச் சூதாடி என்று யாரும் சொல்வதில்லை.

சட்டமும் வாசலில் காவல் நிற்கிறது. இங்கேயும் அங்கேயும் 21 வயது நிரம்பாதவர் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய முடியாது. இங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவு வரி கட்ட வேண்டும். ஆரம்பத்தில் நாளுக்கு 100 வெள்ளியாக இருந்தது 2019இல் 150 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே, "பிள்ளைதான் உள்ளே போகவே முடியாதே, ஐயா, பிறகு என்ன பயம்?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளை உள்ளே போக முடியாது, உண்மை. அப்பா உள்ளே போனால் பிள்ளை எங்கே நிற்கும்?

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் தாய்மாமா என்னையும் என் தங்கையையும் விடுமுறைக்கு அழைத்துப் போனார். எந்த நாடு, எந்த ஓட்டல் என்பது வேண்டாம். தவறு ஓட்டலின் மேல் இல்லை. வரவேற்புக்கூடத்தில் ஒரு நீளமான நாற்காலியில் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்து, "அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன், எங்கேயும் நகரக்கூடாது" என்றார். தங்கை என் மடியில் தூங்கிப்போனாள். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதுதான் அன்றைக்கு என் துன்பம். சுவரில் இருந்த கடிகாரத்தில் பெரிய முள் மூன்று சுற்று சுற்றி முடித்தது.

மாமா அழுதுகொண்டு வந்தார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. சிரித்துக்கொண்டு வந்தார்! அன்று அவர் ஜெயித்துவிட்டார். எனக்குப் பேட்டரியில் ஓடும் ரயில் வண்டி, தங்கைக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை, இரவு மீனும் இறாலுமாகச் சாப்பாடு. அம்மாவுக்குச் சேலை. மூன்று மணி நேரம் காத்திருந்தது மறந்தே போயிற்று. வீடு திரும்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமி அறையில் நின்று, "முருகா, அடுத்த தடவையும் மாமா ஜெயிக்க வேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை! தோற்றிருந்தால் எனக்கு அது ஒரு பாடமாக இருந்திருக்கும். ஜெயித்ததுதான் கெடுதல்.

அடுத்த தடவையும் போனார். அதற்கு அடுத்த தடவையும் போனார். எங்களை அழைத்துப் போகவில்லை. அழைத்துப் போகச் சொல்லி நான் அழுதேன். சில ஆண்டுகள் கழித்து அத்தையின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததைப் பார்த்தேன். சங்கிலி எங்கே என்று நான் கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினார். அடகுக்கடை என்ற சொல்லை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அந்த ரயில் வண்டி அதற்கு முன்பே உடைந்துவிட்டது.

சூது என்றதும் நாம் தருமரைப் பற்றிப் பேசுவோம், திரௌபதியின் துகிலைப் பற்றிப் பேசுவோம். அந்தக் கதையில் பிள்ளைகள் இருப்பதைக் கவனிக்கிறோமா? திருதராட்டிரன் திரௌபதிக்கு வரம் தர முன்வந்தபோது, அவள் முதல் வரமாகத் தருமரின் விடுதலையைக் கேட்டாள். காரணமும் சொன்னாள்: என் மகன் பிரதிவிந்தியனை நாளை மற்றப் பிள்ளைகள் அடிமையின் மகன் என்று அழைக்கக்கூடாது. அவ்வளவு அவமானத்துக்கு நடுவில் அந்தத் தாய்க்கு நினைவு வந்தது, தன் பிள்ளையைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது. பிறகு மறுபடியும் ஒரு ஆட்டம். பெற்றோர் காட்டுக்குப் போனார்கள், பிள்ளைகள் உறவினர் வீடுகளில் வளர்ந்தார்கள். அபிமன்யு துவாரகையில் தாய்மாமன் கண்ணனிடம் வளர்ந்தான். நல்ல மாமன் வாய்த்தார் என்பது அவன் அதிர்ஷ்டம். எனக்கு வாய்த்தவர் வேறு மாதிரி!

காட்டில் தருமருக்கு ஒரு முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். நளன் தன் தம்பி புட்கரனோடு ஆடுகிறான். மாதக்கணக்காக ஆட்டம் நிற்கவில்லை. அமைச்சர்கள் வந்து பார்க்கிறார்கள், குடிமக்கள் வந்து பார்க்கிறார்கள், அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வியாசர் சொல்லும் கதைப்படி, அப்போது தமயந்தி என்ன செய்தாள்? நாடு போவதற்கு முன்பே, தேரோட்டி வார்ஷ்ணேயனை அழைத்து, தேரைப் பூட்டச் சொல்லி, தன் மகனையும் மகளையும் ஏற்றித் தன் தந்தையின் ஊருக்கு அனுப்பிவிட்டாள். கணவனை அவளால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து அகற்ற முடிந்தது. அதை முதலில் செய்தாள். நாமோ அந்த இடத்துக்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்குத் தேர் பூட்டலாமா என்று விவாதிக்கிறோம்.

திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே வைத்தார், 94ஆவது. அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. வரிசையே எனக்கு ஒரு கதை சொல்வது போல இருக்கும்.

கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன். பிள்ளைகளே, கேளுங்கள். ரூலெட் என்று ஒரு சக்கரம். 1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்ஜியம். ஆக 37 குழிகள். ஓர் எண்ணின் மேல் ஒரு வெள்ளி வைத்து அது விழுந்தால், 35 வெள்ளி தந்து உங்கள் ஒரு வெள்ளியையும் திருப்பித் தருவார்கள். சரி, எந்த எண் விழும் என்ற கவலையே வேண்டாம் என்று 37 எண்களின் மேலும் ஒவ்வொரு வெள்ளி வையுங்கள். 37 வெள்ளி போடுகிறீர்கள், 36 வெள்ளி வாங்குகிறீர்கள். எல்லா எண்ணிலும் ஜெயித்தும் ஒரு வெள்ளி நஷ்டம்! யாரும் ஏமாற்றவில்லை, சக்கரம் நேர்மையாகவே சுற்றுகிறது. அந்த ஒரு வெள்ளியில்தான் அவ்வளவு விளக்குகளும் எரிகின்றன. இதை என் மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். அர்ச்சனைச் சீட்டின் எண்ணைப் பார்த்து நாலு நம்பர் எடுக்கும் நம் அன்பர்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்கலாம். சிரிக்கிறீர்கள், சிரிக்காதவர்கள் யார் என்று நான் பார்க்கவில்லை.

சரி, போகலாமா, கூடாதா? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குடும்பத்தில் யாருக்கும் அந்த மேசை மேல் ஆசை இல்லையென்றால் தாராளமாகப் போங்கள். பூங்காவைப் பாருங்கள், குளிரை அனுபவியுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது, "வந்ததுதான் வந்தோம், கொஞ்ச நேரம்" என்ற எண்ணம் இருந்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். அவர் ஜெயிப்பார் என்றாலும் அழைத்துப் போகாதீர்கள்.

பகலில் போய்த் திரும்பும் இடத்துக்கும் இரவு தங்கும் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செந்தோசா என்றால் மாலையில் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மலையில் அப்படியில்லை. ஓட்டல், சாப்பாட்டுக் கடைகள், பிள்ளைகளின் விளையாட்டு அரங்கு, சூதாட்டக்கூடம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. குளிரும் மழையும் எல்லாரையும் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிடும். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். "கீழே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன்" என்பது அப்போது வருகிற வார்த்தை. தாய்மார்கள் சிலர் தலையை ஆட்டுகிறீர்கள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் நான் இந்த மேடை ஏறச் சம்மதித்தேன். நம் நாட்டில் ஒருவர் தாமாகவே எழுதிக் கொடுத்து, சூதாட்டக்கூடத்துக்குள் தம்மை விடக்கூடாது என்று தடை வாங்கிக்கொள்ளலாம். மனைவியோ கணவனோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தவரோ குடும்பத்தின் சார்பில் தடை கேட்டு விண்ணப்பம் செய்யவும் வழி உண்டு. இதற்கென்றே தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது; தெரிந்தவர்கள் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. ஆனால் இந்தத் தடை சிங்கப்பூர்க் கூடங்களுக்குத்தான். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் அந்தக் காகிதத்துக்கு வேலை இல்லை, 150 வெள்ளி வரியும் இல்லை.

செயற்குழுக் கூட்டம் முடிந்த மறுநாள் நம் கோயிலுக்கு வரும் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவர் யார் என்று தயவுசெய்து யாரும் ஆராய வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். "சார், என் வீட்டுக்காரர் தானே கையெழுத்துப் போட்டுத் தடை வாங்கினார். இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறார். வேறு யாராவது மலைக்குக் கூப்பிட்டால் நான் சண்டை போட்டுத் தடுத்துவிடுவேன். கோயில் பஸ் என்றால் நான் என்ன சொல்லித் தடுப்பது? பிள்ளைகளும் போகலாம் போகலாம் என்கிறார்கள்" என்றார். அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. தனிப்பட்ட குடும்பம் போவது அவரவர் பொறுப்பு. கோயில் பேருந்தில் ஏறுகிற நாற்பது பேரில் யார் எந்தக் காயத்தோடு வருகிறார் என்று நமக்குத் தெரியாது. எழுத்து ஒட்டிய அந்தப் பேருந்தை நம்பித்தான் அவர்கள் ஏறுகிறார்கள்.

ஆகவே குழுவிடம் மாற்று யோசனை ஒன்று வைத்திருக்கிறேன். அதே பேருந்து, அதே இரண்டு நாள். முதலில் மலாக்கா, அங்கே 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயத்தில் ஓர் அர்ச்சனை. அடுத்த நாள் காலை பத்துமலை, 272 படிகள். படியேறினால் பிள்ளைகள் இரவு தானாகத் தூங்குவார்கள். பெரியவர்களுக்கும் கீழே போய்க் காப்பி குடிக்கத் தெம்பு இருக்காது. குளிர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்களுக்கு, பேருந்தின் குளிர்சாதனத்தைக் கூட்டி வைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் நானே பேசிவிடுகிறேன். குழு ஒப்புக்கொண்டால் பெயர்ப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இருக்கும். சாப்பாட்டு மணியும் அடிக்கப்போகிறது.