எண்ணும் சொல்லும்: ஆய்வில் கலப்பு முறை



நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் பல. இன்று நம் பிள்ளைகளே பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களாக அமர்கின்றனர். ஆகவே, ஆய்வு முறையைப் பற்றி இவ்வெள்ளி விழாவில் சிந்திப்பது பொருத்தமே.

கணக்கெடுத்து எண்களால் உண்மை காண்பது அளவுசார் ஆய்வு. மக்களோடு பேசி, அவர்தம் வாழ்வை அறிந்து பொருள் காண்பது பண்புசார் ஆய்வு. இரண்டையும் ஓர் ஆய்வில் இணைப்பதே கலப்பு முறை. இப்பெயர் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வழியில் நடந்தவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ். 1896-97இல் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில், கறுப்பின மக்களின் சுமார் 2,500 இல்லங்களுக்கு அவர் நேரில் சென்றார். தொழிலையும் வருவாயையும் எண்ணினார், வரைபடம் வரைந்தார், மக்கள் கூறியவற்றையும் பதிவு செய்தார்.

1899இல் வெளிவந்த அவர் நூலில் ஓர் இளைஞரின் செய்தி உள்ளது. பொறியியல் பட்டம் பெற்ற அவர், விளம்பரம் கண்டு ஒரு வேலையில் சேர்ந்தார். சில மணி நேரத்தில், கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் நீக்கப்பட்டார். பின்னர் உணவு பரிமாறும் பணியாளரானார். தொழிற்கணக்கில் அவர் ஒரு பணியாளர் மட்டுமே. அவர் இழந்தது என்ன, அதை மறுத்தவர் யார் என்பதைக் கணக்கு கூறாது. அவ்வாறே அவர் கதையை மட்டும் கூறினால், ஒருவருக்கு நேர்ந்த தற்செயல் என்று தள்ளிவிடுவர். இரண்டும் சேர்ந்தபோதே, வறுமைக்கு அம்மக்களின் இயல்பே காரணம் என்ற வாதம் வலுவிழந்தது.

ஆஸ்திரியாவின் மரியந்தால் ஊரில் ஆலை மூடப்பட்டதைத் தொடர்ந்து, யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், சைசல் ஆகியோர் நடத்திய ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலையற்றோர்க்கு நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் நூல் பெறுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை எண்கள் காட்டின. நம்பிக்கை தளர்ந்ததே காரணம் என்பதை அவர்களோடு பழகியே அறிந்தனர்.

1959இல் கேம்பல், ஃபிஸ்கே ஆகிய உளவியலாளர்கள், ஒன்றைப் பல முறைகளால் அளந்து ஒப்பிட வேண்டும் என வலியுறுத்தினர். பின்னர் எண்ணே மேல், சொல்லே மேல் என்று இரு சாரார் வழக்காடினர். அவ்வழக்கைக் கடந்து கலப்பு முறை தனித் துறையாக வளர்ந்தது. 2007இல் அதற்கெனத் தனி ஆய்விதழே தோன்றியது.

இது நமக்கும் உரியதே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.3 விழுக்காடு. இடைவெளி உண்டு என்பதை எண் கூறுகிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை வறுமை நிறுத்தியதா, தொலைவு நிறுத்தியதா, வகுப்பறையில் பட்ட அவமானம் நிறுத்தியதா என்பதை அப்பிள்ளையும் தாயுமே கூற இயலும்.

எண்ணும் சொல்லும் முரண்படுமாயின், ஒன்றை மறைத்துவிடாதீர்கள். முரண்பாட்டின் காரணத்தைத் தேடுங்கள். கணக்குப் புத்தகத்தோடு சேரிக்குச் செல்லுங்கள்; திண்ணையில் அமர்ந்து கேட்கவும் செய்யுங்கள். நம்மைப் பற்றிய உண்மையை எவரும் மறுக்க இயலாதவாறு நாமே எழுதுவோம்.