காவிரிக் கரையும் மேகக் கணிமையும்



வணிகவியலோ தமிழோ பயின்று பட்டம் பெற்ற பிள்ளை ஒருவர், "மேகக் கணிமைத் தேர்வு எழுதப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லும்போது பெற்றோர்க்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கணிப்பொறியியல் படியாதவர்க்கு இது விளங்குமா என்பது ஒன்று. விளங்கினாலும் ஆங்கிலத்தில் எழுதித் தேற முடியுமா என்பது மற்றொன்று. முதல் ஐயத்திற்குத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமுமே விடை சொல்லும். மற்றதற்கு விடை சற்றுப் பொறுத்து வரும்.

தொடக்கநிலைத் தேர்வுகள் சில உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'அஷ்யூர் ஃபண்டமெண்டல்ஸ்' அவற்றுள் ஒன்று. அமேசான் வெப் சர்வீசஸ் நடத்தும் 'கிளவுட் பிராக்டிஷனர்' மற்றொன்று. பின்னதற்கு 90 நிமிடம், 65 வினா, 1000க்கு 700 பெற்றால் தேர்ச்சி. கட்டணம் 100 டாலர்; வரி தனி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; நிரல் எழுதச் சொல்வதுமில்லை. சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும்.

மேகம் என்ற சொல்லே முதலில் மயக்கம் தருகிறது. வானத்தில் எதுவும் இல்லை. எங்கோ ஒரு பெருங்கட்டடத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கணிப்பொறிகளை வலையமைப்பின் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதே மேகக் கணிமை. தமிழிலக்கியம் அறிந்த மேகம் கைம்மாறு கருதாமல் பொழிவது. இந்த மேகமோ நொடிக்கணக்கில் கட்டணம் எழுதுவது! இந்த வேறுபாட்டை மறவாதிருந்தால் தேர்வில் ஒரு பகுதி அப்போதே விளங்கிவிடும்.

இல்லத் திருமணத்தில் ஐந்நூறு பேர்க்கு விருந்து சமைக்க எவரும் அண்டாக்களை விலைக்கு வாங்குவதில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்து, விருந்து முடிந்ததும் திருப்பித் தருகின்றனர். 2006ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் முதலில் தரவுச் சேமிப்பிடத்தையும் பின்னர்க் கணிப்பொறித் திறனையும் இவ்வாறு வாடகைக்குத் தரத் தொடங்கியது. அமெரிக்க அரசின் தர நிறுவனம் 2011இல் இதற்கு ஐந்து இயல்புகளை வகுத்துரைத்தது: வேண்டும்போது தாமே எடுத்துக்கொள்ளுதல், எங்கிருந்தும் வலையமைப்பு வழி அடைதல், வளங்களைப் பலர்க்கும் பொதுவாக வைத்தல், விரைந்து விரிதலும் சுருங்குதலும், அளந்து கட்டணம் கொள்ளுதல்.

இவற்றுள் விரிந்து சுருங்கும் இயல்பே தேர்வு எழுதுவோரை மிகுதியும் குழப்புவது. அதனை முக்கொம்பில் நின்று பார்க்க வேண்டும். 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். பாசனத்திற்கு வேண்டிய நீர் காவிரியிற் செல்ல, மிகை வெள்ளம் அகன்ற கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. பல்லாயிரவர் ஒருங்கே வந்து கேட்கும் கோரிக்கைகளைப் பல சேவையகங்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் 'லோடு பேலன்சர்' செய்வதும் ஏறத்தாழ இதே பணிதான். ஆயினும் ஆற்றிற்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளம் இன்னும் மிகுந்தால் மூன்றாவது ஆறு ஒன்றை அன்றைக்கே வெட்ட இயலாது. மேகக் கணிமையில் அது இயலும். வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம் நோக்கிச் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. விழா முடிந்ததும் அவை நிறுத்தப்படுகின்றன. கூட்டம் பார்த்துச் சேவையகங்களைத் தானே கூட்டியும் குறைத்தும் வைப்பதற்கு 'ஆட்டோ ஸ்கேலிங்' என்று பெயர்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பின் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து வீழ்ந்ததைத் திருச்சிராப்பள்ளி மக்கள் மறந்திரார். மனிதர் கட்டியது எதுவும் ஒருநாள் பழுதுறலாம் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு திட்டமிடுவதே மேகக் கணிமையின் அடிப்படை. ஆகவேதான் 'ரீஜியன்' எனும் வட்டாரத்தைத் தனித்தனி மின்னிணைப்புடைய 'அவைலபிலிட்டி சோன்'களாகப் பிரித்து, தரவின் படிகளைப் பலவிடத்து வைக்கின்றனர். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் இத்தகைய வட்டாரங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னையில் ஒன்றைத் தொடங்கிவிட்டது. சமணக் குடும்பங்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஏட்டுப் படிகள் ஓரிடத்தில் மட்டும் இல்லாமல் பல வீடுகளிலும் மடங்களிலும் இருந்ததே. ஒரு வீட்டில் செல்லரித்த ஏடு, வேறொரு வீட்டில் நன்னிலையில் இருந்தது.

இனிப் பாதுகாப்பு. வினாக்களில் 30 விழுக்காடு இப்பகுதிக்கு உரியது. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். மதில் எவ்வளவு உயரமாயினும், உத்திர வீதியில் குடியிருப்பவர் தம் வீட்டுக் கதவைத் தாமே பூட்ட வேண்டும். கட்டடமும் கருவிகளும் வலையமைப்பும் நிறுவனத்தின் காவலில் உள்ளவை. கடவுச்சொல்லும் தரவும், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதியும் பயன்படுத்துவோரின் காவலில் உள்ளவை. 'பகிர்ந்த பொறுப்பு' எனப்படும் இதனை உணர்ந்தவர் பல வினாக்களுக்குத் தயங்காமல் விடையளிப்பார்.

பழகிப் பார்ப்பதற்காகக் கணக்குத் தொடங்கும் பிள்ளைகள் முதல் நாளே செலவு வரம்பு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். அணைக்க மறந்த மின்விசிறியைப் போல, நிறுத்த மறந்த சேவையகமும் ஆளில்லா அறையில் ஓடிக்கொண்டே இருக்கும். மாத முடிவில் வரும் தொகையைத் தந்தையின் கடன் அட்டை ஏற்க வேண்டிவரும்.

பயிற்சிக்குப் பெரும்பணம் கொடுக்கத் தேவையில்லை. அமேசானின் 'ஸ்கில் பில்டர்' தளத்தில் அடிப்படைப் பாடம் இலவசம். உண்மையான தேர்வு வினாக்கள் என்று சொல்லி விற்கப்படும் தொகுப்புகளைத் தொடவே கூடாது. அது தேர்வு விதிக்கு மாறானது. கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிபோகும். இச்சான்றிதழ் தானே வேலை வாங்கித் தரும் என்றும் எண்ண வேண்டா. அது நுழைவாயில் மட்டுமே. உள்ளே நடக்க வேண்டிய தொலைவு மிகுதி.

எஞ்சியது ஆங்கிலம் பற்றிய ஐயம். தேர்வு தமிழில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கருத்தையும் முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு அதன் ஆங்கிலப் பெயரைக் குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதிப் பழகுவது நல்லது. பொருள் தெரிந்த பின் பெயர் நிலைக்கும். பெயரை மட்டும் உருப்போட்டால் ஒன்று மற்றொன்றாக மயங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர்க்கு 30 நிமிடம் கூடுதலாக வழங்கும் சலுகையும் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்னரே அதனைக் கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.