தொழில் பழகுநர் என்னும் சொல்லின் பொருள்



செஞ்சியை அடுத்த அனந்தபுரம் முதலிய ஊர்களில் வீடு கட்டும் இடத்திற்குச் செல்வோர் அங்கே மூன்று பெயர்களைக் கேட்கலாம். வேலையை நடத்துபவர் மேஸ்திரி. மரவேலை செய்பவர் ஆசாரி. செங்கல்லும் கலவையும் சுமந்து தருபவர் சித்தாள். இப்பெயர்களின் பிறப்பைச் சற்று விசாரித்தால், கைத்தொழில் விருத்தியில் நாட்டமுள்ள சங்கத்தார் கவனிக்கத்தக்க ஓர் உண்மை புலப்படும்.

மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் 'மெஸ்த்ரெ' என்பதற்கு ஆசிரியர், தொழிலில் தலைவர் என்பது பொருள். ஆசாரி என்பது ஆசாரியர் என்னும் வடசொல்லின் திரிபு; அதற்கும் போதிப்பவர் என்றே பொருள். ஆகவே, தொழில் வல்லவரை நம் ஜனங்கள் ஆசிரியரென்றே அழைத்து வந்திருக்கின்றனர். ஆசிரியர் உண்டெனில் மாணாக்கரும் உண்டன்றோ? ஆனால் அவ்விடத்தில் நிற்பவருக்கு வாய்த்த பெயர் சித்தாள். சிற்றாள் என்பதே சித்தாள் என மருவிற்று. அச்சொல் ஆளின் சிறுமையைக் கூறுகிறதேயன்றி, அவர் எதனையும் கற்பதாகக் கூறவில்லை.

சிறுவர்களுக்கு வழங்கும் மற்றொரு பெயர் எடுபிடி. 'அதை எடு, இதைப் பிடி' என்று ஏவப்படுபவன் எடுபிடி. எனினும், இந்தப் 'பிடி' என்னும் சொல்லிலேயே தொழிற்கல்வியின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தொழில் பயில்பவனை ஆங்கிலத்தில் 'அப்ரெண்டிஸ்' என்பர். அது பிரெஞ்சு மொழியின் வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதன் மூலச்சொல்லுக்குக் கையால் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டையைத் தம் வசம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரரின் மொழியில், கற்றலைக் குறிக்கும் பொதுச்சொல்லும் இம்மூலத்திலிருந்தே பிறந்தது. தமிழரும் இதே கருத்தை வேறு நாட்டாரிடம் கேளாமலே அறிந்திருந்தனர். ஒருவன் தொழிலைக் கற்றுவிட்டால், 'வேலை அவனுக்குப் பிடிபட்டுவிட்டது' என்று கிராமத்தில் கூறுவது வழக்கம். பிறருக்காகக் கருவியைப் பிடிப்பவன் எடுபிடி. தொழிலையே பிடித்துக்கொண்டவன் தொழிலாளி. முன்னவன் பின்னவனாகும் மார்க்கமே பயிற்சி.

அம்மார்க்கத்திற்கு எல்லை வேண்டுமென்பதை அரசாங்கங்கள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தன. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு ஏழு ஆண்டு விதித்தது. இந்தியாவில் 1850-ஆம் ஆண்டின் 19-ஆவது சட்டப்படி, 10 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகப்பனாரோ பாதுகாவலரோ ஏழு ஆண்டுக்கு மேற்படாமல் ஒப்பந்தம் எழுதித் தொழிலில் விடலாம். அச்சட்டம் நீக்கப்பட்டு, 1961-ஆம் ஆண்டின் 52-ஆவது சட்டம் வந்தது. அதில் வரும் 'அப்ரெண்டிஸ்' என்பதற்கே தமிழில் தொழில் பழகுநர் என்னும் பெயர் வழங்குகிறது. 14 வயது நிரம்பாதவரை இச்சட்டப்படி சேர்த்தல் கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும்; உதவித்தொகை அளித்தல் வேண்டும். தொழில் பழகுநர் பயிற்சி பெறுபவரே, வேலையாள் அல்லர் என்றும் அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

பழகுநர் என்பது நல்ல சொல். தொழிலானது கேட்ட மாத்திரத்தில் வருவதன்று, நாளடைவில் கை பழகிப் பழகி வருவது என்பதை அது உணர்த்துகிறது. செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலையும் பெருங் களஞ்சியங்களையும் கட்டிய கைகள் ஒரே நாளில் பழகியவை அல்ல.

ஆனால், பெயர் மாறினால் மட்டும் போதாது. பத்து ஆண்டு கலவை சுமந்தும் ஒரு நாளேனும் கரணையைக் கையில் பெறாத சித்தாட்கள் எத்தனை பேர்! அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தூக்குக்குண்டு தொங்குவதைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். அதைப் பிடித்துச் சுவரின் நேர்மையைச் சோதிக்க அவர்களை அழைப்பாரில்லை. இவ்வாறு கழியும் காலம் பழக்கமன்று, வெறும் சுமையே.

ஆதலால், தம் மக்களைத் தொழிலில் விடும் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்டல் நலம். முதலாவது, எத்தனை காலம்? இரண்டாவது, அக்காலத்தில் எந்தெந்த வேலை கற்பிக்கப்படும்? மூன்றாவது, முடிவில் தேர்ச்சிக்கு அத்தாட்சி என்ன? விடைகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். சங்கத்தின் கிடங்கையோ கட்டிடத்தையோ கட்டுவிக்கும்போதும், வேலை கற்க விரும்பும் ஆண் பெண் சித்தாட்களுக்குக் கரணை பிடிக்க இடமளிக்குமாறு நிர்வாகிகள் மேஸ்திரியிடம் முன்னதாகவே பேசி வைக்கலாம். அதற்குச் செலவு சொற்பம். பலனோ ஒரு குடும்பத்தின் ஆயுட்காலம் முழுவதற்கும் உரியது.

மேஸ்திரி என்றாலும் ஆசாரி என்றாலும் பொருள் ஆசிரியரே. அப்பெயரைத் தாங்குவோர் அதன் பொருளையும் தாங்கினால், சித்தாள் பழகுநராவார். பழகுநர் ஒரு நாள் தாமே மேஸ்திரியாவார்.