ஐஸ்பழக் குச்சியும் ஸ்டோர்க் கூரையும்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்து வாசல்களில் பிள்ளைகள் தின்றுவிட்டு எறிகிற ஐஸ்பழக் குச்சிகளில் மூன்றை எடுத்து, பிளந்துவிடாதிருக்கச் சற்று நேரம் நீரில் ஊறவைத்து, நுனிகளைத் துளையிட்டு மெல்லிய கம்பியால் பிணைத்துப் பாருங்கள்; எப்பக்கம் அழுத்தினாலும் அந்த முக்கோணம் உருக்குலையாது. நான்கைப் பிணைத்தாலோ, சதுரம் விரல் பட்ட மாத்திரத்தில் சாய்ந்துவிடும். சாய்ந்ததன் குறுக்கே ஐந்தாவது குச்சியைப் பொருத்தியதும், அது இரண்டு முக்கோணங்களாகி ஸ்திரம் பெறுவதைக் காணும் குழந்தை, தேயிலைக் கொழுந்து வாட்டும் ஸ்டோரின் கூரையைத் தாங்கும் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக அமைந்திருப்பதன் காரணத்தைத் தானே கண்டுகொள்கிறது. அந்தக் கணத்தில் அதன் முகத்தில் தோன்றும் பிரகாசத்தை எந்தப் பாடப்புத்தகம் தரும்?

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியியலாளர் அரவிந்த் குப்தா, உத்தியோகத்தில் ஓராண்டு விடுமுறை பெற்று, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானப் போதனையில் ஈடுபட்டபோது, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபின் சிறு துண்டுகளையும் கொண்டே இத்தகைய வடிவங்களைச் சமைத்துக் காட்டினார். பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018இல் கிடைத்தது.

இன்னொன்று: குச்சிகளைப் பெருக்கல் குறிகளாக வரிசையாய்க் கோத்து, ஒரு முனையை அமுக்குங்கள், மறுமுனை கையை நீட்டுவதுபோல் முன்னே பாயும். இன்று மாலை, பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பாருங்கள்.